வைஃபை அடாப்டர் வாங்குமுன் சில்லைப் பாருங்கள்

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய மடிக்கணினி உங்கள் வீட்டில் இருந்தால், அதைத் தூக்கி எறிய வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் பதிந்தால் அது மேலும் சில ஆண்டுகள் உழைக்கும்.

ஆனால், சில கணினிகளில் லினக்ஸைப் பதிந்த பிறகு வைஃபை மட்டும் கிடைக்காது. அப்போது யுஎஸ்பி துளையில் செருகும் சிறிய அடாப்டர் தேவைப்படும். மாணவர்களின் சேமிப்பு வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

காரணம் என்ன? அடாப்டருக்குள் வானொலி அலைகளைக் கையாளும் சில்லு ஒன்று இருக்கிறது. அந்தச் சில்லுடன் கணினி பேசுவதற்கு ‘டிரைவர்’ என்னும் மென்பொருள் வேண்டும். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் அதன் மையப் பகுதியான கெர்னலிலேயே அடங்கியிருக்கும். அப்படி இருந்தால் செருகியவுடன் அடாப்டர் இயங்கும். இல்லையென்றால், டிரைவரை நாமே தேடிப் பதிய வேண்டும். கெர்னல் புதுப்பிக்கப்படும்போது அது நின்றுபோகவும் கூடும்.

பெயரை மட்டும் நம்பவும் முடியாது. டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்722என் அடாப்டரைப் பாருங்கள். அதன் முதல் பதிப்பில் இருந்தது ஏதெராஸ் ஏஆர்9271 சில்லு. லினக்ஸ் பயனர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சில்லு வந்தது. மாடல் பெயர் அதேதான். தேவைப்படும் டிரைவரோ வேறு.

அப்படியானால் எதைத் தேடுவது? மீடியாடெக் எம்டி7612யு சில்லுக்கான டிரைவர் 2018-இல் வெளிவந்த 4.19 கெர்னலிலிருந்தே இருக்கிறது. வைஃபை 6 வேண்டுமென்றால் எம்டி7921ஏயு சில்லு உண்டு. அதற்கு 2022-இல் வந்த 5.18 அல்லது அதற்குப் பிந்திய கெர்னல் தேவை.

சுபாங் ஜெயாவின் அடுக்குமாடிகளில் வசிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்களாக 1, 6, 11 ஆகிய மூன்றையே பொதுவாகப் பயன்படுத்துகிறார்கள். அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் எல்லாம் அவற்றையே பகிர்ந்துகொள்வதால் நெரிசல் ஏற்படுகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் தடங்கள் அதிகம். ஆனால், சுவர்களைத் தாண்டும்போது அதன் வலிமை விரைவாகக் குறையும். இரண்டு அலைவரிசைகளும் உள்ள அடாப்டரே நல்லது.

லோ யாட் பிளாசாவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் சில்லின் பெயரையும் பதிப்பு எண்ணையும் முதலில் கேளுங்கள். இயங்காவிட்டால் திருப்பித் தர முடியுமா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதற்கும் முன்பாக, செலவில்லாத ஒரு சோதனை உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் கணினியுடன் இணைத்து, கைப்பேசியின் இணையத்தைப் பகிருங்கள். பிறகு லினக்ஸைப் புதுப்பியுங்கள். உள்ளேயே இருக்கும் வைஃபை சில்லுக்கு வேண்டிய டிரைவர் புதிய கெர்னலில் வந்திருக்கக்கூடும். அப்படி வந்திருந்தால் அடாப்டரே வேண்டியதில்லை.