சிறுநீரகத்தின் மீள்வளர்ச்சியும் இன்டர்லூகின்-11 புரதமும்

லிட்டில் இந்தியாவிலிருந்து வடகிழக்கு ரயில் பாதையில் நான்காவது நிலையம் ஊட்ரம் பார்க். அங்குள்ள மருத்துவ வளாகத்தில் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியையும் தேசிய இருதய நிலையத்தையும் சார்ந்த ஆய்வாளர்கள், நெடுங்காலம் நன்மை செய்வதாகக் கருதப்பட்ட புரதமொன்றின் மறுபக்கத்தைக் கண்டறிந்தனர். அதனை விளங்கிக்கொள்ளச் சிறுநீரகத்திலிருந்து தொடங்குவோம்.

நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றிரண்டு லிட்டரே சிறுநீராகிறது. எஞ்சியதை மீட்டுக் குருதிக்குத் திருப்புவது நுண்குழல்களின் உட்சுவரில் உள்ள உயிரணுக்களின் பணி. இப்பணிக்கு மிகுந்த ஆற்றல் தேவை. ஆதலால் கடும் நீரிழப்பாலோ கிருமித்தொற்றாலோ குருதியோட்டம் குன்றும்போது முதலில் வாடுபவை இவ்வுயிரணுக்களே. இவ்வாறு சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ சிறுநீரகம் செயல் குன்றுவதைத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்கிறோம்.

காயமுற்ற உயிரணுக்கள் சைட்டோகைன் எனப்படும் சைகைப் புரதங்களை வெளியிடுகின்றன. அவற்றால் ஈர்க்கப்பட்டு வெள்ளணுக்கள் குவிகின்றன. சிதைவை அகற்ற இவ்வழற்சி வேண்டும். அளவு மீறின் அதுவே சேதமாகும். பிழைத்த உயிரணுக்கள் பிரிந்து பெருகி வெற்றிடத்தை நிரப்பினால் சிறுநீரகம் தேறிவிடும். சேதம் மிகுந்தாலோ அவை பெருகாமல் இடைவழியில் நின்றுவிடுகின்றன. தழும்புத் திசு படர்கிறது. சிலருக்கு இது ரத்தச் சுத்திகரிப்பு வரை கொண்டுபோய்விடுகிறது.

சைட்டோகைன்களுள் ஒன்றுதான் 1990இல் விவரிக்கப்பட்ட இன்டர்லூகின்-11. வெள்ளணுக்களுக்கிடையே செல்லும் தூது என்பது இன்டர்லூகின் என்ற சொல்லின் பொருள். ஆயினும் இதனைப் பெரும்பாலும் உண்டாக்குபவை வெள்ளணுக்கள் அல்ல; பெயர் பொருந்தாமலே நிலைத்துவிட்டது. குருதித் தட்டணுக்களைப் பெருக்கும் மருந்தாக 1997இல் அமெரிக்கா இதற்கு ஒப்புதல் அளித்தது. சிறுநீரகம் காயமுற்ற சுண்டெலிகளுக்கு மனித இன்டர்லூகின்-11ஐச் செலுத்தியபோது நன்மை தெரிந்ததால், இது காக்கும் புரதம் என்றே நம்பினர்.

பிழை எங்கே இருந்தது? மனிதப் புரதம் சுண்டெலியின் ஏற்பியில் அமர்ந்து, சுண்டெலியின் சொந்தப் புரதம் வேலை செய்யவொட்டாமல் தடுத்தது. பூட்டில் வேறொரு சாவியைச் செருகிவைத்தால் உரிய சாவி நுழையாதது போன்றதே இது. நன்மை விளைந்தது புரதத்தால் அன்று, அது தடுக்கப்பட்டதால்! இவ்வுண்மை 2021இல் கல்லீரல் ஆய்வொன்றில் வெளியாயிற்று.

அனிசா விட்ஜாஜா, ஸ்டூவர்ட் குக் முதலியோர் 2022இல் வெளியிட்ட ஆய்வு சிறுநீரகத்தை நோக்கியது. காயமுற்ற நுண்குழல் உயிரணுக்களே இன்டர்லூகின்-11ஐச் சுரந்து, அதன் வழியே ஸ்னெயில்-1 என்னும் மற்றொரு புரதத்தைத் தூண்டித் தம் வளர்ச்சியைத் தாமே முடக்கிக்கொள்கின்றன. இன்டர்லூகின்-11க்கான மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளில் இம்முடக்கம் நேரவில்லை. எதிர்ப்புரதம் கொடுத்துத் தடுத்தபோதும், காயத்துக்குப் பின்னரே கொடுத்தபோதும், பயன் கிட்டியது. தழும்பாக்கத்துக்குப் பெயர்பெற்ற டிஜிஎஃப்-பீட்டா என்ற சைகையைத் தடுத்தபோது தழும்பு குறைந்தாலும் அழற்சியும் நுண்குழல் சேதமும் கூடின. இன்டர்லூகின்-11ஐத் தடுத்தபோது மூன்றுமே குறைந்தன. நாள்பட்ட நோயுற்ற சுண்டெலிகளிலும் நுண்குழல் உயிரணுக்கள் மீண்டும் பெருகிச் சிறுநீரகச் செயல்பாடு திரும்பியதே நம்மை வியக்கவைப்பது.

இவை யாவும் சுண்டெலிகளில் கண்டவை. ஓர் இனத்தின் புரதத்தை மற்றோர் இனத்தில் சோதித்ததால் விளைந்த மயக்கத்தை இப்போதுதான் பார்த்தோம். மனிதரிடமும் இதே பயன் கிட்டும் என இன்றே கூறிவிடலாகாது. நுண்குழல்களை மீண்டும் வளரச்செய்வதற்கென ஒப்புதல் பெற்ற மருந்து இன்றளவும் இல்லை. காரணத்தை நீக்கி, நீர்மச் சமநிலையைப் பேணி, தேவையாயின் ரத்தச் சுத்திகரிப்புச் செய்து, சிறுநீரகம் தானே தேறும்வரை மருத்துவர்கள் காத்திருக்கின்றனர்.