இசைச் செயலிகளும் பாடலாசிரியர் பெயரும்

போர்ட் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் நோக்கிக் கொமுட்டர் இரயிலில் வருவோர் இன்று பாடல்களைக் கைப்பேசிவழியே கேட்கின்றனர். எந்த இசைச் சேவைக்குச் சந்தா செலுத்துவது என்று தேர்வோர் பெரும்பாலும் பாடல்களின் எண்ணிக்கையையே நோக்குவர். தமிழாசிரியருக்கு அவ்வளவுகோல் போதாது.

'வல்லவன்' என்று தேடிப் பார்க்கலாம். 2006ஆம் ஆண்டில் அப்பெயரில் இரண்டு வெளியீடுகள் வந்தன. ஒன்று, யுவன் சங்கர் ராஜா இசையமைத்த தமிழகத் திரைப்படம். மற்றொன்று, நம் நாட்டு யோகி பி, நட்சத்திரா குழுவினரின் சொல்லிசைத் தொகுப்பு. ரோமன் எழுத்தில் இரண்டும் ஒன்றே. எது முன்னே தோன்றுகிறது என்பதைக் கொண்டே மலேசியத் தமிழிசைக்கு ஒரு சேவை அளிக்கும் இடத்தை ஓரளவு மதிப்பிடலாம்.

அத்தொகுப்பின் 'மடை திறந்து', 1980இல் வெளிவந்த 'நிழல்கள்' படப்பாடலின் மறுவடிவமாகும். இரண்டையும் வகுப்பில் ஒப்பிடும் ஆசிரியருக்கு மூலத்தை எழுதிய வாலியின் பெயர் இன்றியமையாதது. ஸ்பாட்டிஃபை 2018 முதல் எழுதியோர் பெயரைக் காட்டுகிறது. எனினும் இசை நிறுவனம் அத்தகவலை அளித்திருந்தால்தான் அது தெரியும். ஆகவே, தாம் நன்கறிந்த பத்துப் பாடல்களை ஒவ்வொரு சேவையிலும் சோதித்தபின் சந்தா செலுத்துவதே தக்கது.

உரிமைச் சிக்கலும் உண்டு. 2019 ஏப்ரலில் இந்திய ஸ்பாட்டிஃபையிலிருந்து சரிகம நிறுவனத்தின் பாடல்கள் நீக்கப்பட்டன. 2020 ஜூனில் ஏற்பட்ட ஒப்பந்தத்திற்குப் பின்னரே அவை மீண்டன. சந்தா என்பது உடைமையன்று. பதிவிறக்கிய பாடலும் சந்தா முடிந்தால் ஒலிக்காது. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் அந்நாளில் வாங்கிய ஒலிநாடாக்களையும் குறுவட்டுகளையும் வைத்திருப்போர் அவற்றை எறிந்துவிட வேண்டா. உறையோடு வைத்திருப்பது இன்னும் நன்று.