முக்திநாத்துக்குப் போகும் அடுப்பு

அதிகாலை இரண்டரை மணி. நேபாளத்தின் பொக்காராவில் நாங்கள் தங்கியிருக்கும் ஓட்டலின் கொல்லைப்புறத்தில், தகரக் கூரைக்கு அடியில் மூன்று அடுப்புகள் சீறிக்கொண்டிருக்கின்றன. முக்திநாத் யாத்திரைக் குழுவின் தளிகை நடக்கிற இடம் இது. எட்டிப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது! வாருங்கள், செருப்பை வெளியே விட்டுவிட்டுச் சத்தம் போடாமல் போவோம். மாடியில் நாற்பது பேர் தூங்குகிறார்கள்.

அரிசி மூட்டைமேல் மழைக்கோட்டு. பெருங்காய டப்பாவுக்குள் தீப்பெட்டி. அப்பளக் கட்டை முட்டிக்கொண்டு முதலுதவிப் பெட்டி. தலைக்கு மேலே கொடியில் ஈர வேட்டிகள். இத்தனைக்கும் நடுவே தலைமைத் தளிகைக்காரர் மாமா, அந்தக் குளிரிலும் நெற்றி வியர்க்க, சாதத்தைக் குழையப் பிசைந்துகொண்டிருக்கிறார். பால் நிறைய, தயிர் பேருக்கு ஒரு கரண்டி. “மத்தியானம் பிரிக்கும்போது புளிக்கக் கூடாதோல்லியோ?” என்கிறார். புளியோதரைக்கான புளிக்காய்ச்சல் ஊரிலேயே காய்ச்சி டின்னில் அடைத்து வந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு ஒரு வாய் கொடுத்தார். அடடா!

இவ்வளவு சீக்கிரம் எதற்கு? வைணவர்களின் 108 திவ்ய தேசங்களில் இந்தியாவுக்கு வெளியே இந்த மண்ணுலகில் இருப்பது முக்திநாத் ஒன்றுதான். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய சாளக்கிராமம். ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரம். பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குக் குட்டி விமானத்தில் 20 நிமிடம்தான். ஆனால் அன்னபூர்ணாவுக்கும் தவளகிரிக்கும் நடுவே காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் உச்சிவேளைக்கு முன்பே பேய்க்காற்று கிளம்பிவிடும். அதனால் விமானம் எல்லாம் காலையில்தான், அதுவும் மேகம் வழிவிட்டால்.

இன்றைக்கு விடவில்லை.

விமான நிலையத்தில் குழுவின் மேனேஜரை விட்டு நான் நகரவே இல்லை. தூணுக்குப் பின்னால் நின்று இரண்டு போனில் மாறி மாறிப் பேசுகிறார். விமானம் ரத்து என்பது அவருக்கு உறுதியாகிவிட்டது. மற்றவர்களுக்கு இன்னும் தெரியாது. முதலில் ஜீப்புகளைப் பிடிக்கிறார். அடுத்து, உதவிக்கு வந்த பையனிடம், “தம்பி, ஃபிளாஸ்கை எடு. எல்லாருக்கும் காபி போகட்டும்” என்கிறார். கடைசி டம்ளரும் கைக்குப் போன பிறகுதான் விஷயத்தைச் சொல்கிறார். “கையில் சூடா காபி இருந்தா பாதிக் கோபம் ஆவியிலேயே போயிடும் சார்” என்று என் காதில் சிரிக்கிறார். நிஜமாகவே அப்படித்தான் நடந்தது! இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஒரு பாட்டி விஷ்ணு சஹஸ்ரநாமத்தை ஆரம்பிக்க, நாலு வரிசை அவரோடு சேர்ந்துகொண்டது.

20 நிமிடத்தில் பறக்க வேண்டிய தூரம் சாலையில் ஒரு முழுப் பகல். பேனி, தாதோபானி தாண்டியதும் மண்சரிவு. முன்னால் வண்டிகள் வரிசையாக நிற்க, ஜேசிபி ஒன்று பாறையையும் சேற்றையும் தள்ளிக்கொண்டிருக்கிறது. நம் தளிகை வண்டியில் பரபரப்பு! அடுப்பு இறங்குகிறது, சாலையோரம் மூன்று கல் வைத்துச் சமப்படுத்துகிறார்கள், ரவை வறுபடும் வாசனை பள்ளத்தாக்குக்கே போகிறது. ஜீப் ஓட்டுநரை இங்கே எல்லாரும் குருஜி என்று கூப்பிடுகிறார்கள். நம் குருஜிக்கு உப்புமா முதல் தட்டிலேயே பிடித்துவிட்டது. பின்னால் நின்ற வண்டியிலிருந்து ஒரு நேபாள இளைஞர், “அண்ணா, சட்னி இருக்கா?” என்று தமிழில் கேட்டாரே, அந்த ஆனந்தத்தை என்ன சொல்ல! கோயம்புத்தூரில் பேக்கரியில் வேலை பார்த்தவராம்.

இன்னொன்றும் பார்த்தேன். பாறை மறைவில் இரண்டு மாமிகள் ஒன்பது கஜப் புடவையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நிற்க, பெண்கள் ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். கடைசிப் பெண் திரும்பும்வரை இருவருமே கையை இறக்கவில்லை. எந்த யாத்திரைப் படத்திலும் வராத காட்சி. எனக்கு இந்தப் பயணத்தில் அதுவும் பெரிய தரிசனங்களில் ஒன்று.

ராணிபௌவாவுக்குள் நுழையும்போது இருட்டிவிட்டது. கோயிலுக்குக் கீழே உள்ள ஊர் இது. இங்கே அடுப்படியின் குணமே வேறு. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், உள்ளே அரிசி வேகாமல் முழித்துக்கொண்டிருக்கும். அந்த உயரத்தில் குக்கர் இல்லாமல் பருப்பை நினைக்கவே முடியாது. தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து போய்விட்டது. மாமா அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வேலை பார்க்கிறார், உடம்புச் சூட்டில் இளகட்டும் என்று. சாத்தமுது (ரசம்) கொதிக்கும் பாத்திரத்தைச் சுற்றி எல்லாரும் கையை நீட்டிக் குளிர்காய்கிறோம். அந்த நேரத்தில் பறந்த கேலியும் சிரிப்பும் இருக்கிறதே, மூச்சு வாங்குவதுகூட மறந்துவிட்டது!

காலையில் கோயில். 108 தாரைகள், பசுமுக வடிவக் குழாய்களிலிருந்து பனிக்கட்டி உருகிய குளிரோடு கொட்டுகின்றன. ஓடு, குனி, அலறு, அடுத்த தாரை! அந்தண்டை இரண்டு குண்டங்களில் முழுக்கு. வெளியே வருகிற ஒவ்வொருவர் தோளிலும் துண்டு விழுகிறது, கையில் சுக்குக் காபி வருகிறது. பௌத்தர்களுக்கும் இது புனிதத் தலம். செங்காவி உடுத்திய பௌத்தப் பெண் துறவிகள் சந்நிதியில் கைங்கர்யம் செய்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு டம்ளர் போயிற்று.

எல்லாரும் சேவித்து முடித்த பிறகுதான் மாமா கரண்டியைக் கீழே வைத்தார். பலமுறை வந்தவர். ஆனாலும் முதல்முறை வருகிறவர் மாதிரி 108 தாரையிலும் குழந்தைத்தனமாக ஓடினார். திரும்பி வந்து, தலையைத் துவட்டியபடியே, “ராத்திரி எத்தனை பேருக்குச் சப்பாத்தி?” என்றார்.

முக்திநாத் போக நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு நாளாவது காலியாக விட்டு வையுங்கள். மலையும் காற்றும் நம் அட்டவணையைப் பார்ப்பதில்லை. அப்புறம், விமானம் ரத்தானால் கோபப்படும் முன் ஒருமுறை கொல்லைப்புறம் போய்ப் பாருங்கள். உங்களுக்காக இரண்டரை மணிக்கு எழுந்தவர்கள் அங்கே இருப்பார்கள். அவர்கள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.