பன்னிரண்டில் ஒரு பங்கு

தீபாவளி நெருங்கினால் திருப்பூரில் எல்லோர் வாயிலும் ஓர் எண் புழங்கும்: 8.33. போனஸ் சட்டம் வகுத்த குறைந்தபட்ச விகிதம் அது. வருடச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதக் கூலி. எந்தக் கம்பெனி அதற்கு மேல் போட்டது, எது இழுத்தடிக்கிறது என்பதெல்லாம் டீக்கடை பெஞ்சில் விரல்நுனிக் கணக்காக இருக்கும்.

அதே 8.33 வேறோர் இடத்திலும் உட்கார்ந்திருக்கிறது. முதலாளி கட்டும் பி.எஃப். பங்கு நூற்றுக்குப் பன்னிரண்டு. அதில் 8.33 ஓய்வூதியக் கணக்குக்குப் போய்விடுகிறது, மிச்சம் 3.67 மட்டுமே பி.எஃப்.பில் சேரும். உச்சவரம்புக்குள் இருக்கும் சம்பளத்துக்கு இதுவும் வருடத்துக்கு ஒரு மாதக் கூலிதான். முதல் 8.33-க்காகக் கம்பெனி வாசலில் மல்லுக்கு நிற்கும் ஊரில், இரண்டாவது 8.33-ஐப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

எங்கள் லைன் வீட்டில் கடைசிக் கதவு ஒரு பெரியம்மாவுடையது. அறுபதைத் தாண்டிவிட்டார். பதினாலு வயதில் கைமடியாகக் கம்பெனிக்குள் நுழைந்தவர். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தார், பிறகு பேட்லாக் பழகினார். நாற்பத்தைந்தில் கண் மங்க, செக்கிங் மேஜைக்கு மாறினார். இப்போது வீட்டு வாசலில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பனியன்களுக்குப் பிசிறு வெட்டுகிறார். பீஸுக்கு இத்தனை பைசா என்று கணக்கு. பென்ஷன் வருகிறதா என்று ஒருநாள் கேட்டேன்.

"அப்பெல்லாம் கம்பெனி மாறுனா பி.எஃப்.பக் கையோட எடுத்துருவோம் கண்ணு. ஒருக்கா தீவாளிக்கு ஆச்சு. ஒருக்கா மூத்தவளுக்குத் தோடு. ஒருக்கா அவுருக்கு ஆசுபத்திரி. அதுல பென்சன்னு ஒண்ணு இருந்துச்சா?"

இருந்தது. 1995 நவம்பர் 16 முதல் இருந்தது. அதற்குப் பிறகு அவர் பி.எஃப். பிடித்த கம்பெனிகளில் வேலை செய்தது நாலு வருடம், ஏழு வருடம், ஐந்து வருடம். கூட்டினால் பதினாறு. ஓய்வூதியத்துக்குத் தேவை பத்து. தனித்தனியாக ஒன்றுகூடப் பத்தைத் தொடவில்லை என்பதால் மூன்று முறையும் கணக்கை முடித்துப் பணத்தை வாங்கிவிட்டார். அதே 10-சி படிவத்தில் பணம் வேண்டாம், பணிக்காலத்துக்குச் சான்றிதழ் கொடுங்கள் என்றும் கேட்கலாம். அந்தச் சான்றிதழ் இருந்தால் பழைய வருடங்கள் அடுத்த கம்பெனியின் வருடங்களோடு ஒட்டிக்கொள்ளும். ஒரே காகிதம்தான், எதைக் கேட்கிறோம் என்பதில்தான் முதுமையே நின்றது. படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைக்குத் தோடுதான் ஜெயித்திருக்கும் என்று பெரியம்மாவே சிரிக்கிறார்.

ஓய்வூதியக் கணக்கு எளியது. சம்பளத்தை வேலை பார்த்த வருடங்களால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். சம்பளம் என்பது கடைசி அறுபது மாதங்களின் சராசரி. 2001 முதல் அதற்கான உச்சவரம்பு 6,500 ரூபாய். 2014 செப்டம்பரில் 15,000. பழைய வரம்பிலேயே போட்டாலும், அதைத் தொடும் சம்பளத்துக்குப் பதினாறு வருடம் 1,485 ரூபாய் தந்திருக்கும். பெரிய தொகை அல்ல. ஆனால் மாதம் பிறந்தால் வரும், எந்த மூட்டையும் அவிழ்க்காமல் வரும்.

இங்கே முதுமைக்கென்று தனி ஏற்பாடு முன்பு இருந்ததில்லை. பனியன் தொழில் இந்த ஊருக்கு 1920-களில் வந்தது. வானம் பார்த்த காட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். உடம்பு ஓய்ந்தால் காட்டுக்கே திரும்பலாம், நாலைந்து பிள்ளைகளில் ஒருவன் கஞ்சி ஊற்றுவான் என்பதுதான் திட்டம். வருங்கால வைப்புநிதிச் சட்டம் 1952-இல் வந்தபோது அதன் முதல் பட்டியலில் இருந்த ஆறு தொழில்களில் துணித்தொழிலும் ஒன்று. முதலில் ஐம்பது பேர் வேலை செய்யும் ஆலைக்கு, பிறகு இருபது பேர் இருந்தாலே பொருந்தும் என்று ஆனது. சங்கங்கள் வலுவாக இருந்த காலம் அது. 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. விலைவாசி ஏறினால் கூலியும் ஏற வேண்டும் என்று நாலு மாதம் அடுப்பணைத்துக் கிடந்தார்கள்.

பஞ்சப்படி கிடைத்தது. ஆனால் ஏற்றுமதி பெருகப் பெருக கம்பெனியே துண்டு துண்டானது. நூல் ஓரிடத்தில் துணியாகும், சாயம் வேறிடம், தையல் பவர்டேபிளில், காஜா பட்டன் இன்னொரு சந்தில். பத்துப் பன்னிரண்டு மெஷின் போட்ட பவர்டேபிளுக்கு இருபது பேர் சட்டம் எட்டாது. ஒன்றரை ஷிப்ட் பார்த்துச் சனிக்கிழமை சம்பளம் வாங்கும் டெய்லருக்கு, பீஸுக்கு ஐந்து பைசா கூடுதலாகக் கிடைத்தால் திங்கட்கிழமை வேறு கம்பெனி. அது அவருடைய சுதந்திரம். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஓய்வூதியத் திட்டமோ ஒரே ஆலையில் சேர்ந்து ஒரே ஆலையில் நரைப்பவனை மனதில் வைத்து எழுதப்பட்டது. திருப்பூரின் பென்ஷன் ஒழுகிப்போனது கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடுவில் இருந்த இடுக்குகளில்தான்.

இன்று உலகமெங்கும் ஓய்வூதியச் சீர்திருத்தம் என்றால் வயதைத்தான் பேசுகிறார்கள். ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889-இல் முதியோர் காப்பீட்டைக் கொண்டுவந்தபோது வயது 70. அதை எட்டியவர்களே குறைவு. இப்போது எல்லோரும் எட்டுகிறார்கள், அரசுகளுக்கு மூச்சு முட்டுகிறது. பிரான்ஸ் 2023-இல் 62-ஐ 64 ஆக்கச் சட்டம் போட்டதும் தெருவெல்லாம் திரண்டது. சீனா 2025 ஜனவரியிலிருந்து ஆண்களுக்கு 60-ஐ 63-க்கும், ஆலைப் பெண்களுக்கு 50-ஐ 55-க்கும் மெல்ல நகர்த்துகிறது. நம் மாநில அரசும் தன் ஊழியர்களுக்கு 58-ஐ 2020-இல் 59 ஆக்கியது, மறு வருடமே 60 ஆக்கியது. மூப்பு நம்மையும் விடவில்லை. தமிழ்நாட்டில் அறுபது கடந்தவர்கள் 2021-இல் நூற்றுக்கு 13.6 பேர், கேரளத்துக்கு அடுத்த இடம், 2031-இல் 18.2 ஆகும் என்பது மத்திய அரசின் கணிப்பு. நாலைந்து பிள்ளைகள் இருந்த இடத்தில் ஒன்றோ இரண்டோ.

பனியன் கம்பெனிப் பெண்ணிடம் போய் இன்னும் இரண்டு வருடம் கூடுதலாக வேலை செய்யச் சொன்னால் சிரிப்பாள். அவள் எழுபது வரை வேலை செய்யத்தான் போகிறாள். நாற்பத்தைந்தில் ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாமல் போகும்போது வரிசையிலிருந்து எழுப்பப்படுகிறாள். அங்கிருந்து ஓய்வூதிய வயதான 58 வரை பதின்மூன்று வருடம் அவள் இறங்குபடிகளில் நிற்கிறாள்: செக்கிங், பிறகு பேக்கிங், பிறகு வாசல் மூட்டை. ஒவ்வொரு படியிலும் கூலி குறையும், ரிஜிஸ்டரில் பெயரும் காணாமல் போகும். வேலைக்காலம் நீள்வது இங்கே இப்படித்தான், எந்தக் கணக்கிலும் ஏறாமல்.

மாற்றமே இல்லை என்று சொன்னால் பொய். 2014 அக்டோபரில் வந்த யு.ஏ.என். என்கிற ஒற்றை எண்தான் என் பார்வையில் இந்த ஊருக்குக் கிடைத்த பெரிய சீர்திருத்தம். முன்பு கம்பெனிக்குக் கம்பெனி புது பி.எஃப். நம்பர்; பழையதை மாற்ற 13-ஆம் படிவம் என்று ஒன்று உண்டு, அதைக் கண்ணால் பார்த்தவர்கள் அபூர்வம். இப்போது எத்தனை கம்பெனி மாறினாலும் எண் ஒன்றே. ஒடிசாவிலிருந்து வந்து மூன்று வருடம் தைத்துவிட்டு ஊர் திரும்பும் பையனுடைய வருடங்களும் அவனோடு போகும். அடுத்த தெருவில் பென்ஷன் வாங்கும் தாத்தா முன்பெல்லாம் நவம்பர் வந்தால் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வங்கி வரிசையில் நிற்பார். கைரேகை இயந்திரம் வந்தபோது நாற்பது வருடம் துணி தேய்த்த விரலில் ரேகையே விழவில்லை. இன்று பேத்தி போனை முகத்துக்கு நேரே பிடிக்கிறாள், முடிந்தது.

தொகைதான் உறைந்துகிடக்கிறது. குறைந்தபட்ச ஓய்வூதியம் ஆயிரம் ரூபாய் என்று 2014-இல் நிர்ணயித்தார்கள், பத்து வருடம் கழித்தும் அதே ஆயிரம். 1962-இல் இருபது ரூபாயில் தொடங்கிய தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ஆனது. பத்து வருடம் பணம் பிடித்தவருக்கு ஆயிரம், ஒன்றும் கட்டாத ஆதரவற்றவருக்கு ஆயிரத்து இருநூறு. பின்னதை யாரும் பொறாமையாகப் பார்க்க வேண்டாம். முன்னதற்குத்தான் வெட்கப்பட வேண்டும். பஞ்சப்படிக்காக 127 நாள் நின்ற ஊரின் பென்ஷனில் பஞ்சப்படி கிடையாது.

2025 அக்டோபரில் வைப்புநிதி வாரியம் இன்னொரு முடிவெடுத்தது. வேலையை விட்டவர் பி.எஃப்.பை முழுவதும் எடுக்க இரண்டு மாதம் காத்திருந்தால் போதும் என்பது பன்னிரண்டு மாதமாகிறது. ஓய்வூதியப் பணத்தை எடுக்க முப்பத்தாறு மாதம். பெரியம்மாவின் மூன்று தவறுகளையும் தடுத்திருக்கக்கூடிய விதி. ஆனாலும் எனக்கு முழு மனதில்லை. ஆர்டர் இல்லாமல் கம்பெனி மூடும் மாதங்களில் கடைசிக் கதவாக இருந்தது அந்தப் பணம்தான். அதைச் சாத்திவிட்டு வேறு கதவைத் திறக்காவிட்டால் ஆள் வட்டிக்காரரிடம் போய் நிற்பார். அந்த வட்டி எழுபதால் வகுபடாது.

பெரியம்மாவின் இளைய மருமகள் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் டெய்லர். சென்ற ஞாயிறு திண்ணையில் உட்கார்ந்து போனில் பாஸ்புக்கைத் திறந்து காட்டினாள். தன் பங்கு ஒரு பத்தி, கம்பெனி பங்கு ஒரு பத்தி, மூன்றாவதாக ஓய்வூதியத்துக்கு ஒரு பத்தி. அதில் மாதாமாதம் 1,250. எண் ஒன்றுதான், ஆனால் உள்ளே இரண்டு கம்பெனிக் கணக்குகள் இன்னும் ஒட்டாமல் இருந்தன. பழைய கம்பெனி இவள் விலகிய தேதியையே ஏற்றவில்லை. அதை நீயே ஏற்றலாம் என்று சொல்லி, எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தேன். பெரியம்மா பிசிறு வெட்டும் கத்தரியைக் கீழே வைத்தார்.

"எத்தன வருசம் ஆச்சுது?"

"ரெண்டையும் சேத்தா ஆறுங்கத்தை."

"இன்னும் நாலு," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அவளுக்கு வர்ற தையில தம்பி கல்யாணம், சீரு செய்யோணும். அதையும் இந்தப் போன்ல கேளு கண்ணு," என்றார்.