ஆசிலாஸ்கோப் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

ஆசிலாஸ்கோப் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று. அடுத்து, நொடிக்கு எத்தனை சாம்பிள் என்று. மெமரி டெப்த் எவ்வளவு என்று கேட்பவர் குறைவு. விளம்பரத்தில் போட்டிருக்கும் சாம்பிள் வேகம் நம் மேசையில் நிலைக்குமா என்பதைத் தீர்மானிப்பதே அதுதான்.

டிஜிட்டல் ஆசிலாஸ்கோப் மின்னழுத்தத்தைச் சீரான இடைவெளியில் அளந்து, ஒவ்வோர் அளவையும் நினைவகத்தில் ஒரு புள்ளியாகச் சேர்க்கிறது. நினைவகம் நிரம்பினால் பதிவு முடிந்தது. டெக்ட்ரானிக்ஸ் டிடிஎஸ் 2000 வரிசைக் கருவிகளில் சானலுக்கு 2,500 புள்ளிகள்தான். நொடிக்கு 100 கோடி சாம்பிள் எடுத்தால் 2.5 மைக்ரோ நொடியில் இடம் தீர்ந்துவிடும்.

அதிக நேரம் பார்க்க வேண்டுமென்றால் கருவி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரையின் ஒரு கட்டத்துக்கு 10 மில்லி நொடி என்று வையுங்கள். பத்துக் கட்டங்களுக்கு 100 மில்லி நொடி. 40 மைக்ரோ நொடிக்கு ஒரு புள்ளி. ஆர்டுயினோ 115200 பாட் வேகத்தில் அனுப்பும் சீரியல் தகவலில் ஒரு பிட்டின் நீளம் சுமார் 8.7 மைக்ரோ நொடி. நான்கைந்து பிட்டுக்கு ஒரு புள்ளி விழுந்தால் எதைப் படிப்பது? இதைவிட மோசமானது, இல்லாத அலை தெரிவது. வேகமான அலையைக் குறைந்த வேகத்தில் அளந்தால், மெதுவான, அழகான, முற்றிலும் பொய்யான அலை ஒன்று திரையில் வந்து நிற்கும். புதிதாகக் கற்பவர் அதை நம்பிவிடுவார். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ரிகோல் டிஎஸ்1054இசட் கருவி அறிமுகமானபோது அதில் 1.2 கோடி புள்ளிகள். அதே கட்டத்துக்கு 10 மில்லி நொடியில் நொடிக்கு 10 கோடி சாம்பிள் கிடைக்கிறது. ஒரு பிட்டுக்கே 800க்கு மேல் புள்ளிகள். ஆனால் அது ஒரு சானலுக்கான கணக்கு. நான்கையும் இயக்கினால் நினைவகம் பங்கிடப்பட்டு, தலைக்கு 30 லட்சம்தான்.

பெரிய நினைவகத்துக்கும் விலை உண்டு. அத்தனை புள்ளிகளையும் கையாளும் திறன் செயலிக்கு இல்லையென்றால் திரை மந்தமாகும். ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் இடையே நடப்பது கண்ணில் படாது. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் அலையை மட்டும் பார்ப்பவருக்குச் சில ஆயிரம் புள்ளிகளே போதும்.

கடைக்குப் போகுமுன், பார்க்க வேண்டிய நேரத்தை உங்களுக்குத் தேவையான சாம்பிள் வேகத்தால் பெருக்குங்கள். 1 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் பத்துப் புள்ளி வீதம் இரண்டு நொடி பார்க்க 2 கோடி புள்ளிகள் வேண்டும். எல்லாச் சானலும் இயங்கும்போது அவ்வளவு கிடைக்குமா என்று டேட்டாஷீட்டில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.