உழைப்பின் பயன் குன்றுவது ஏன்?

ஒரு தேசத்திற் கைத்தொழில் குன்றக் கண்டால், அந்நாட்டுத் தொழிலாளர் சோம்பேறிகள் என்று சொல்லிவிடுவது எளிது. யுத்தமும் கலகமும் மிகுந்த நாடுகளைப்பற்றி இக்கூற்றை நாம் அடிக்கடி கேட்கிறோம். இது நியாயந்தானா என்பதை ஆப்பிரிக்காவிலுள்ள காங்கோ தேசத்துச் செப்புச் சுரங்கங்களைக்கொண்டு ஆராய்வோம்.

தொழிலாளி ஒருவன் ஒரு வருஷத்தில் ஆக்கித்தரும் பொருளின் அளவை உற்பத்தித்திறன் என்பர். காங்கோவின் தென்பகுதியாகிய கட்டங்காவில் ஜெக்கமீன் என்னும் அரசாங்கக் கம்பெனி, 1985-ஐ அடுத்த வருஷங்களில் ஆண்டுதோறும் 4,50,000 டன்னுக்கு மேல் செம்பு எடுத்தது. தொழிலாளர் ஏறக்குறைய 30,000 பேர். ஆளொன்றுக்குப் 10 டன்னுக்கு மேல் ஆயிற்று. 1994-இலோ மொத்த உற்பத்தியே சுமார் 30,000 டன்னாகச் சுருங்கியது. பத்து வருஷத்திற்குள் மனிதருடைய கைவலி இவ்வளவு குன்றிவிடுமோ? குன்றாது.

நிகழ்ந்தவை வேறு. அங்கோலா நாட்டு யுத்தத்தால், கடற்றுறைக்குச் செல்லும் பெங்குவேலா இருப்புப்பாதை 1975-இலேயே அடைபட்டது. செம்பு விற்ற பணத்தை மொபூட்டுவின் அரசாங்கம் உறிஞ்சிக்கொண்டமையால், தேய்ந்த இயந்திரங்களுக்கு ஈடாகப் புதியன வாங்க முதலில்லை. 1990-இல் கமோட்டோச் சுரங்கம் இடிந்து வீழ்ந்தது. 1991-இல் போர்வீரர்கள் நகரங்களைக் கொள்ளையிட்டனர். 1992, 1993 ஆகிய வருஷங்களில், காசாய்ப் பிரதேசத்தினின்று வந்து குடியேறித் தொழிலிற் றேர்ந்திருந்த குடும்பங்கள் துரத்தப்பட்டன. அவர்களோடு தொழிலறிவும் சென்றது.

எஞ்சி நின்றவர் என் செய்வர்? இயந்திரம் நின்றால் கையும் ஓயும். மாதக்கணக்கிற் சம்பளம் வராதவன், நிலத்தைக் கொத்தியேனும் பிள்ளைகளுக்கு உணவு தேடவேண்டும். கணக்கேட்டிலோ அவன் முழுநாள் தொழிலாளியே. ஆகையால் வகுத்துப் பார்க்கும்போது ஆளொன்றின் பங்கு அற்பமாய்த் தோன்றுகிறது. 2003-இலும் அடுத்த வருஷத்திலுமாக 10,000-க்கு மேற்பட்டோர் ஒரு தொகை பெற்றுக்கொண்டு வேலையினின்று விலகினர்.

பின்னர் வெளிநாட்டு முதலும் புதிய இயந்திரங்களும் வந்தன. 2018-இல் அத்தேசம் 10 லக்ஷம் டன்னுக்கு மேல் செம்பு எடுத்தது. முன்பு குறைந்திருந்தது உழைக்கும் மனமன்று, உழைப்பதற்கு வேண்டிய சாதனங்களே என்பது இதனால் விளங்கும்.

நம் மாணவருட் சிலர் நாளை ஆலைகளிலும் அலுவலகங்களிலும் அதிகாரம் வகிக்கக்கூடும். ஏட்டிற் சிறிய எண்ணைக் கண்டவுடன் தொழிலாளியைக் கடிந்துகொள்ளாது, அவனுக்குக் கருவியும் கூலியும் அச்சமற்ற வாழ்வும் கிடைத்தனவா என்று முதலில் வினவுவோமாக.