காப்பாற்றிய காலைக் கைவிடாதீர்கள்

"சண்டைக்குள்ளே தப்பின கால் பிள்ளை, சீனி வருத்தத்தாலே போகுமோ?"

வீட்டுத் தரிசிப்புக்குப் போன என்னிடம் ஓர் அக்கா கேட்ட கேள்வி இது. நான்கு ஆண்டுகளுக்கு முன், காலில் அடைபட்ட நாடிக்கு மாற்றுவழிச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். காயம் ஆறியது, நடை திரும்பியது. கிளினிக் நாளில் கூலி வேலை போய்விடும் என்பதால் போவதையும், குளிசைகளையும் விட்டுவிட்டார். இப்போது சந்தைக்கு நடக்கும் பாதி வழியில் கெண்டைக்கால் இழுக்கிறது, பாதம் குளிர்கிறது.

இச்சிகிச்சையில் காலின் தோலடி நாளம் ஒன்றை எடுத்து, அடைப்பைத் தாண்டி இரத்தம் பாயும்படி நாடியில் பொருத்துகிறார்கள். நாளத்திலுள்ள வால்வுகள் மறிக்காதிருக்க, பெரும்பாலும் அதைத் தலைகீழாகத் திருப்புவார்கள். 1948இல் பாரிஸில் ஜீன் குன்லின் என்ற நிபுணர் இதைச் செய்து வழிகாட்டினார். 2022இல் வெளியான, 1,830 பேரைக் கொண்ட ஆய்விலும், நல்ல தோலடி நாளம் உள்ளவர்களுக்கு, நாடிக்குள் பலூன் விட்டு விரிப்பதைவிட இதுவே கூடிய பயன் தந்தது.

ஆனால் பொருத்திய நாளம் என்றென்றைக்குமானதல்ல. முதல் இரண்டு ஆண்டுகளில் அதன் உட்சுவர் தடித்து ஒடுங்கலாம். பின்னர் கொழுப்புப் படிவு சேரலாம். ஒடுக்கத்தை ஸ்கானில் முன்கூட்டியே கண்டால் திருத்தலாம். முற்றாக அடைபட்டால் காலைக் காப்பது மிகக் கடினம். வலி இல்லாவிட்டாலும் கிளினிக்குக்குப் போகச் சொல்வது இதற்காகத்தான்.

தோழியரே, வைத்தியர் சொல்லாமல் அஸ்பிரினையோ கொழுப்புக் குளிசையையோ நிறுத்தாதீர்கள். சீனியையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள். புகைத்தால் நாளம் அடைபடும் ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்கு, சுருட்டும் புகைதான். தினமும் நடவுங்கள், ஆனால் வெறுங்காலோடு வேண்டாம். இரவில் பாதத்தையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். கால் திடீரெனக் குளிர்ந்து, வெளிறி, மரத்துப்போனால் விடியட்டும் என்று இராமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

மறுநாள் அக்காவோடு நானும் போனேன். பொருத்திய நாளம் ஒடுங்கியிருந்தது; அடைபடவில்லை. திருத்திவிட்டார்கள். இப்போது கிளினிக் நாளில் அவருடைய வேலையைப் பக்கத்து வீட்டுப் பெண் பார்க்கிறார். அந்தப் பெண்ணுக்குத் தேவைப்படும் நாளில் அக்கா பார்க்கிறார். ஒரு நாள் கூலியைவிடக் கால் பெரிது. அந்த ஒரு நாளுக்குத் துணை நிற்க அயலில் ஒருவர் இருந்தால் போதும்.